ஏழாவது சுரத்தோடு நின்ற பாட்டு

"ஏதாவது வாசியுங்கோ. கிற்றார் சத்தம் எவ்வளவு எண்டு பாக்கவேணும்" என்று மேடைக்குக் கீழே நின்று கையைக் காட்டினார் என் கணவர் அன்ரன்.

மேடையில் ஸோரான் நின்றார். தோளில் தொங்கியது இரவல் கிற்றார். பட்டியை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அவருடைய கை தன்பாட்டில் நகர்ந்தது. ஏழு சுரங்கள். மேலே ஏறி, ஓரிடத்தில் தயங்கி, கீழே இறங்குகிற ஏழே ஏழு சுரங்கள்.

மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு தட்டு விழுந்தது. கோப்பித் தட்டு. கடதாசிக் கோப்பைகள் என்பதால் ஒன்றும் உடையவில்லை, நிலமெல்லாம் உருண்டன. தட்டைக் கொண்டுவந்த மனிதர் குனிந்து பொறுக்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அந்த விளையாட்டு மண்டபத்தின் பராமரிப்பாளர். காலையில் எங்களுக்குக் கதவு திறந்துவிட்டவர். பெயர் செனாத் என்று சட்டையில் தைத்திருந்தது. ஆறடிக்கு மேலே உயரம், இடுப்பில் பெரிய சாவிக்கொத்து.

ஸோரானின் விரல்கள் கம்பிகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன. எட்டாவது சுரம் வரவில்லை. முகத்தில் இரத்தம் இல்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் செனாத்தின் அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போது எங்களை வரிசையில் விட்டு, முகமூடி போட்டுக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியின் முன்னால் ஆமிக்காரர் நடக்கவைப்பார்கள். தலையாட்டியின் கண் ஒருவனில் வந்து நிற்கும். அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுதான் அன்று மார்கழி மாதத்துப் பின்னேரம் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு மண்டபத்துக்குள் நின்றது.

விரிப்பின் இரண்டு முனைகள்

ஸோரானை எனக்கு எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லவேண்டும்.

நகரத்துக்கு வெளியே ஒரு சலவைத் தொழிற்சாலையில் கனகாலமாக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளினதும் ஹோட்டல்களினதும் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வரும். தோய்த்துப் பிழிந்த விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு எப்போதும் இரண்டு பேர். இடப்பக்க மூலையை நான் பிடிப்பேன், வலப்பக்க மூலையை ஸோரான் பிடிப்பார். ஒன்றாக உதறி, ஒன்றாக விடவேண்டும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டுவிடும். காதில் இரைச்சலைத் தடுக்கும் கவசம் இருப்பதால் கதைக்கமுடியாது. கண்ணாலும் தோளாலும்தான் எல்லாம்.

ஒன்பது வருடம் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்களை என்ன உறவென்று சொல்வது? அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. ஆனால் அவர் விரிப்பை உதறுகிற விதத்தை வைத்தே இன்றைக்கு மனிதருக்கு முதுகு வலி என்று சொல்லிவிடுவேன்.

எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால் "யூகோஸ்லாவியா" என்பார். அந்த நாடு இப்போது இல்லையே என்று ஒரு தரம் சொன்னேன். "தெரியும்" என்றுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். எலெக்ரீஷியன் என்றார். அதற்கும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாங்கள் இருவரும் கதைப்பது டெனிஷில். அவருடையதும் உடைந்த டெனிஷ், என்னுடையதும் உடைந்த டெனிஷ். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வசனம் வரும். டெனிஷில் சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் ஒரே 'டூ'தான். ஆனால் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த மனிதரை 'நீ' என்று எழுத என் கை கேட்காது. ஆகவே அவர் பேச்சை என் வாய்த் தமிழிலேயே, என் மரியாதையோடு எழுதுகிறேன்.

அவரைக் காட்டிக்கொடுத்தது இடக்கை. கோப்பி குடிக்கும்போது அந்த நான்கு விரல்களும் மேசை விளிம்பில் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அன்ரன் கீபோட் வாசிப்பவர், நான் கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகள் காய்ச்சுப்போய் இருந்தன.

"இது என்ன?"

"சலவைத் தூள்."

"சலவைத் தூளுக்கு இடக்கை மட்டுமோ காய்க்கும்?"

அன்றுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

நீளமுடிக்காரன்

பிறகு ஒரு வருடம் நான் அரித்தெடுத்த அரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அதுவும் பனி கொட்டி பஸ் ஓடாத நாட்களில், தன் பழைய காரில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

சேர்பியாவில் டான்யூப் ஆற்றோரம் ஒரு சின்ன நகரம். தகப்பன் ரெயில்வேயில் சிக்னல்காரர். கலியாண வீடுகளில் அக்கோடியன் வாசித்து மேலதிகமாகச் சம்பாதிக்கிறவர். மகனும் அதையே வாசிக்கவேண்டும் என்று ஒரு அக்கோடியனை வாங்கிக் கொடுத்தார். மகன் அதைக் கொண்டுபோய் யாரிடமோ கொடுத்து ஒரு எலெக்ரிக் கிற்றாரை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். தகப்பன் அடிக்கவில்லையாம். அந்தக் கோடை முழுக்கக் கதைக்கவில்லையாம்.

நாலு பொடியன்கள் சேர்ந்து குடியிருப்புக் கட்டடத்துக்குக் கீழே, உருளைக்கிழங்கு அடுக்கி வைக்கிற நிலவறையில் பழகினார்கள். மேல் வீட்டு மனுசி ஒவ்வொரு நாளும் தும்புத்தடியால் நிலத்தில் இடிப்பாளாம். அவள் இடிக்கிற தாளத்துக்கே ஒரு பாட்டுப் போட்டதாகச் சொன்னார். நம்புவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு பாட்டு எழுதினார். நீச்சல் குளத்தில் ரிக்கற் கிழிக்கிற பெண் ஒருத்திக்காக. அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போனாள், பாட்டு நாடு முழுக்கப் போனது. மலையிலும் கடற்கரையிலும், பிறகு எல்லைகளாகிப் போன எல்லா ஊர்களிலும் வாசித்தார்கள்.

என் மகள் மெலனி குழுவின் பெயரைக் கேட்டுப் போனில் தேடி எடுத்தாள். "மோர், உங்கட விரிப்புக்காரர் பேமஸ்!" என்று டெனிஷில் கத்திக்கொண்டு வந்தாள். மோர் என்றால் அம்மா. மங்கலான படம். மைதானம் நிறையச் சனம். நடுவில் இடுப்புவரை முடியோடு ஒரு மெலிந்த உருவம், கால்களில் ஒட்டிக் கிடக்கிற காற்சட்டை. அந்த ஏழு சுரத்தை எடுத்ததும் சனம் கத்துகிற கத்தல். நான் காற்சட்டையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கத்தில் விரிப்புப் பிடிக்கிறவரின் முகம் அது. ஆனால் பயமே இல்லாத முகம்.

"ஏன் விட்டுட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"சண்டை வந்துது."

"அதுக்குப் பிறகு ஏன் வாசிக்கேல்லை?"

மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒருத்தரும் வரமாட்டினம்"

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் நத்தாருக்கு முன்னால் ஒளிவிழா வைப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விசயம். பிள்ளைகள் தேவதூதராகச் சம்மனசு உடுப்புப் போடுவார்கள், கரோல் பாட்டு, பாலன் பிறப்பு நாடகம், கடைசியில் சாப்பிடப் பற்றிஸும் ரோல்ஸும். விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் கிற்றார்காரர் சைக்கிளோடு ஐசில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

நான் ஸோரானைக் கேட்டேன். முடியாது என்றார். அடுத்த நாளும் கேட்டேன்.

"ஆக்கள் இருக்கிற இடத்திலை நான் வாசிக்கிறேல்லை, ஜசிந்தா."

"என்ன ஆக்கள்? எங்கட தமிழ்ச் சனம். உங்களை ஆருக்குத் தெரியப்போகுது? வேறை ஒருத்தரும் வரமாட்டினம்."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும்."

அதை நம்பித்தான் அவர் வந்தார். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் யார் யார் வந்தார்கள் என்று எண்ணினால் தமிழரைத்தான் எண்ணுவார்கள். கதவு திறந்துவிடுகிறவர், கோப்பி வைக்கிறவர், கழிப்பறை துடைக்கிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வெள்ளைக்காரர் எங்களை ஆளாகவே எண்ணுவதில்லை என்று நான் எழுதுகிற இதே பத்திரிகையில் எத்தனை தரம் குறைப்பட்டிருப்பேன். அன்று நானும் அதையேதான் செய்தேன். அந்த மண்டபத்தில் ஒரு பராமரிப்பாளர் இருப்பார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும், அவர் எந்த ஊரிலிருந்து ஓடிவந்தவர் என்று நான் கேட்டிருக்கப் போவதில்லை.

பூட்டிய கதவு

செனாத் கடைசியில் குனிந்து கோப்பைகளைப் பொறுக்கினார். மெதுவாக. பிறகு பக்கவாட்டுக் கதவுக்குப் போய்ச் சாவியால் பூட்டினார். காதில் போனை வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஸோரான் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய் மர வாங்கில் இருந்துவிட்டார். வியர்வையும் ரப்பரும் மணக்கிற அறை. நான் பின்னாலேயே போனேன்.

"அவனுக்கு என்னைத் தெரியும்."

"உங்களைப் பாத்து முப்பது வருசத்துக்கு மேலை. முடி இல்லை, பல்லும் இல்லை. எப்பிடித் தெரியும்?"

"முகத்தை இல்லை, பாட்டைத் தெரியும். ஏழாவது சுரத்திலை தட்டு விழுந்தது. ஏழிலை விழுந்தா, அவன் அந்த ஊர்க்காரன்."

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் அன்று சொன்னது இதுதான். சண்டை தொடங்கியபின் அவருடைய பக்கத்து ஆட்கள், சேர்பியர், பொஸ்னியாவில் ஒரு ஊரைச் சுற்றி நின்றார்கள். மலையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஷெல் அடிக்கமுதல் ஒவ்வொரு தரமும் அந்தப் பாட்டைப் போடுவார்களாம். சும்மா, பகிடிக்கு. ஏழு சுரம் போனதும் நிறுத்திவிட்டு அடிப்பார்களாம். பாட்டுத் தொடங்கினால் சனம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடும்.

"நீங்களோ போட்டனீங்கள்?"

"இல்லை. கசெற். நான் வீட்டிலை இருந்தனான்."

"அப்ப உங்களிலை என்ன பிழை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ரேடியோக்காரன் ஒருத்தன் வீட்டை வந்தான். பின்னாலை சீருடையோடை ரெண்டு பேர். 'உங்கட பாட்டு எங்கட பொடியளோடை முன்னுக்கு நிக்குது, பெருமையா இருக்கோ?' எண்டு மைக்கை நீட்டினான்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

இடக்கையை விரித்து விரல்களைப் பார்த்தார்.

"அந்த ரேடியோ அந்த ஊருக்கும் கேக்கும்" என்றார். "அடுத்த மாதம் ஹங்கேரிப் பக்கத்தாலை வெளிக்கிட்டிட்டன். இஞ்சை வந்து பாத்தா, அகதி முகாம் முழுக்க அந்த ஊர்ச் சனம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வருடமும் இந்த மனிதர் பஸ்ஸிலும் கடையிலும் சலவைத் தொழிற்சாலையிலும் யார் தன்னை அடையாளம் காண்பார்கள் என்றே நடந்திருக்கிறார். அவரைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள் நான்.

ஓடிப்போய் அன்ரனிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, இவரைக் கூட்டிக்கொண்டு போயிடுவம். பயமா இருக்கு."

"இப்பவோ? வாசலிலை இருநூறு சனம் வந்து நிக்குது, எங்கட காருக்குப் பின்னாலை பத்துக் கார்."

"பொலிசுக்கு அடிப்பமோ?"

"அடிச்சு என்ன சொல்லுவீர்? ஒருத்தன் கோப்பித் தட்டை விழுத்திப்போட்டான் எண்டோ?"

நான் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டியிருந்தது. செனாத் கார் தரிப்பிடத்தில் நின்று போனில் கதைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை பேரைக் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சம்மனசுகளுக்கு நடுவில்

விழா தொடங்கியது. ஸோரான் வாசித்தார். ஒன்றும் பிசகவில்லை. நாங்கள் கொடுத்த கரோல் பாட்டுகளை இரண்டு தரம் கேட்டே பிடித்துக்கொண்டவர் அவர். ஆனால் உடம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். கண் மட்டும் வாசலில்.

பிழைவிட்டது நான்தான். மூன்றாவது பாட்டில் சுருதி விட்டேன். அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சம்மனசு ஒன்று செட்டை கழன்று அழுதது. தாய்மார் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் போன்களில் எல்லாம் ஸோரான் விழுகிறாரே என்ற புதுப் பயம் எனக்கு வந்தது.

இடையர்கள் மேடைக்கு வந்தபோது பின் கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே வந்தது. நான் நாலைந்து முரடர்களை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு பெண். அறுபதை நெருங்குகிற வயது, சாம்பல் நிறக் கோட், கையில் ஒரு சின்னக் கைப்பை. செனாத் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். இருவரும் மேடையைப் பார்த்தார்கள். அவள் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

முரடர்கள் வந்திருந்தால் கத்தி உதவிக்கு ஆள் கூப்பிட்டிருப்பேன். இந்தப் பெண்ணை என்ன செய்வது? என் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. முழு விழாவிலும் அவள் ஒரு தரமும் கைதட்டவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி

சனம் பற்றிஸைச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் நத்தாருக்கு வீட்டுக்கு அழைத்து, ஒரு வழியாகக் கலைந்தது. அன்ரன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். ஸோரான் கிற்றாரைக் கழற்றப் போனார்.

அந்தப் பெண் எழுந்து நடந்துவந்து முன்வரிசையில், அவருக்கு நேரே இருந்தாள். செனாத் பெரிய கதவைச் சாத்திவிட்டு வந்து, கோப்பி மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

நான் கீபோட்டுக்குப் பின்னால் நின்றேன். துணிச்சலில் நின்றேன் என்று நினைக்கவேண்டாம். அது எனக்கு ஒரு மறைப்பு.

அவள் டெனிஷில் பேசினாள். இருவருக்கும் தாய்மொழி கிட்டத்தட்ட ஒன்றுதான். அவள் வேண்டுமென்றே டெனிஷில் பேசினாள்.

"என்ரை பேர் அமினா. இவன் என்ரை தம்பி. அந்தக் கசெற் எங்கட வீட்டிலை என்னட்டை இருந்தது. நீங்கள் எங்கட ஊருக்கு வந்து வாசிச்ச நேரம் முன்னுக்கு நிண்டு ஆடினவள் நான்."

ஸோரான் பட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"பிறகு அந்தப் பாட்டு ஒவ்வொரு நாளும் மலையிலையிருந்து வந்தது. தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அவனை மடியிலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிலவறையிலை இருப்பன். அண்டையிலையிருந்து இண்டைக்கு வரைக்கும் அந்த ஏழு சுரத்துக்கு அங்காலை நான் கேட்டதில்லை. எங்கை கேட்டாலும் ஏழிலை ஓடிப்போயிடுவன்." கைப்பையைத் திறந்து மூடினாள். "வாசியுங்கோ. முடியுமட்டும் வாசியுங்கோ."

"என்னாலை ஏலாது" என்றார் ஸோரான்.

"என்னாலையும் ஏலாதுதான். வாசியுங்கோ."

அன்ரன் சுருட்டிய வயரை அவிழ்த்துத் திரும்பவும் அம்பிளிபயரில் செருகினார். அவருக்கு ஒன்றும் முழுதாக விளங்கவில்லை. வாசிக்கச் சொன்னால் வயரைச் செருகவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஸோரான் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நானும் எண்ணினேன். ஏழு வந்தது.

செனாத் விழுந்தார். விழுந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அந்தப் பெரிய மனிதர் கோப்பி மேசைக்குக் கீழே போய்க் குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். இடுப்புச் சாவிகள் நிலத்தில் கிலுகிலுத்தன. நாங்கள் எல்லோரும் பயந்த ஆள் அவர்தான். ஆஸ்பத்திரிக்கு ஹெலிகொப்ரர் பறந்து போனால் இன்றைக்கும் விரிப்பை விட்டுவிட்டு உருளைக்கடியில் குந்துகிறவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸோரானின் கை தடுமாறியது.

"நிப்பாட்டாதேங்கோ!" என்றாள் அமினா. கத்தவில்லை, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவளுடைய விரல்கள் கதிரையின் விளிம்பைப் பிடித்து வெளுத்திருந்தன. இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

எட்டாவது சுரம் வந்தது, ஒன்பதாவது வந்தது. அதற்குப் பிறகு என்னால் எண்ணமுடியவில்லை. ஏழுக்குப் பிறகு அது ஒரு சந்தோசமான பாட்டு. யாருமே சொல்லாத விசயம் அது. நீச்சல் குளத்து வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்க்க ஒரு பொடியன் படியேறி ஓடுகிற பாட்டு. நடுவில் வேகம் எடுத்தது. கடைசியில் மெல்ல அடங்கி, ஒரே ஒரு கம்பி மட்டும் அதிர்ந்து நின்றது. ஸோரானின் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அமினா எழுந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினாள். மேடைக்குக் கிட்டப் போய், முதன்முதலாகத் தங்கள் மொழியில் அவரிடம் ஏதோ சொன்னாள். இரண்டு வசனம் இருக்கும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தட்டு விழுந்தபோது இருந்ததைவிடக் கூடப் பயந்த முகம்.

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

செனாத் மேசைக்கடியிலிருந்து வந்து முழங்காலைத் தட்டிவிட்டார். எங்களைப் பார்க்காமலே பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். "சாமானுகளை இதாலை ஏத்துங்கோ, கிட்ட. பிள்ளையள் ஐசிலை ஓடி விழுந்திடுங்கள் எண்டுதான் பூட்டினனான்."

இரண்டு வசனம்

ஸோரானை எங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். அவருடைய தெருவுக்குள் திரும்பும்போது நானே கேட்டேன். அமினா என்ன சொன்னவள்?

"'நீ ரேடியோவிலை ஓம் எண்டு சொன்னதை நான் நிலவறையிலை கேட்டனான். இல்லை எண்டு சொல்லுறதெண்டா என்னட்டைச் சொல்லாதை, அங்கை சொல்லு.'"

அன்ரன் காரை ஓரமாக நிறுத்தினார்.

அந்தப் பாட்டு சேர்பியாவில் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு ரேடியோவின் பழைய பாட்டு நிகழ்ச்சிக்காரர் அவரைத் தேடிப் பிடித்து ஒரு பேட்டி கேட்பார்களாம். இவர் போனை எடுப்பதில்லை. அவருடைய அண்ணன் இன்னும் அந்த டான்யூப் ஆற்றோர நகரத்தில்தான் இருக்கிறார். "நான் ஏதும் சொன்னா சனம் ஒதுக்கிவைச்சிடும், அவன் கடையிலை பாண்கூட வாங்கேலாது" என்றார். "எனக்கும் என்ன நடக்குமோ தெரியாது. இஞ்சையும் எங்கட ஆக்கள் இருக்கினம்." இவ்வளவு நாளும் ஒரு பக்கத்தாருக்குப் பயந்தவர். இனி இரண்டு பக்கத்துக்கும் பயப்படவேண்டும்.

நான் சொல்லித்தான் அவர் அந்த மேடையில் ஏறினார். இன்னொரு தரம் வாயைத் திறக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மாசி மாதம் ஒருநாள் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், விரிப்பின் மற்ற முனையிலிருந்து என்னைப் பார்த்து, காதுக் கவசத்தைத் தூக்கினார். "ரேடியோக்காரர் இண்டைக்குப் போன் எடுக்கப்போறாங்கள். பக்கத்திலை நில்லும்."

உலர்த்திகளுக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் போனுக்குச் சிக்னல் இழுக்கும். அங்கே நின்றோம். போன் அடித்தது. அவர் சுவரில் சாய்ந்து கதைத்தார். முதலில் ஏதோ சுகம் விசாரிப்பு. பிறகு மறுபக்கம் நீளமாக ஒரு கேள்வி கேட்டது. பெருமையா இருக்கோ என்ற அந்தப் பழைய கேள்வியாகத்தான் இருக்கவேண்டும். அவர் கண்ணை மூடினார்.

"நே" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். விரிப்பு கோணலாகப் போனால் ஒவ்வொரு நாளும் அவர் சொல்லுகிற சொல். இல்லை என்று அர்த்தம்.

மணி அடித்தது. உருளை காத்திருக்காது. நான் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து தன் மூலையைப் பிடித்தார். அன்று பின்னேரம் வரைக்கும் எங்கள் விரிப்புகள் கோணல்தான். மேற்பார்வைக்காரி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணன் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. ஸோரானின் போனுக்கு என்னென்னவோ செய்திகள் வந்தன. எனக்கு வாசித்துக் காட்டவில்லை. வீட்டுக் கதவில் இருந்த பெயரைக் கழற்றிவிட்டார். இரண்டு கிழமை கழித்துத் தானே திரும்ப ஒட்டினார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை" என்றார். எனக்கும் போகவில்லை. அவர் ஒருநாள் வேலைக்குப் பிந்தினால் நான் வாசலைப் பார்த்தபடியே நிற்கிறேன்.

இந்த வாரம் இதை எழுதி முடித்ததும் சாப்பாட்டு அறையில் வைத்து அவருக்கு வரி வரியாக டெனிஷில் சொன்னேன். உங்கள் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். காற்சட்டையைப் பற்றி எழுதியதற்கு மட்டும் முறைத்தார். 'நே' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழையா எழுதியிருக்கிறீர்."

"நான் என்ரை காதாலை கேட்டனான்."

"நீர் ஒண்டுதான் கேட்டனீர். மணி அடிச்சுப் போயிட்டீர். அவன் நம்பாமல் திரும்பக் கேட்டான். நான் திரும்பச் சொன்னன். பேந்தும் கேட்டான்." காய்ச்சுப்போன விரல்கள் மூன்றை மேசைமேல் வைத்தார். "மூண்டு தரம், ஜசிந்தா. மூண்டு எண்டு எழுதும்."